நாகமலையின் வெள்ளிக்கிழமை மடிப்புகள்

கல் வளையும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மானாமதுரைப் பக்கம் ரயில் பாதை வேலையில் இரண்டு வருஷம் ஜல்லி உடைத்தவன் நான். கல் உடையும், தெறிக்கும், கண்ணில் படும். வளைந்து நான் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், கொழும்பிலிருந்து குளிர்காய்ச்சலோடு திரும்பி, கோரிப்பாளையத்தில் குதிரை வண்டி ஓட்டும் ஒரு பாய் வீட்டுக் கொட்டடியில் படுத்துக் கிடந்தேன். குதிரைக்குப் பக்கத்தில்தான் படுக்கை. வைக்கோல் இருந்ததால் குளிர் தெரியவில்லை. ஒரு நாள் பாய் வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து சொன்னார்.

"மாப்ள, இன்னைக்கு ஒரு ஆளு என் வண்டியில ரெண்டு மூட்டை கல்லு ஏத்திட்டு வந்தாரு. வீடு கட்டவான்னு கேட்டேன். இல்லையாம், படிக்கவாம். கல்லுப் பழக்கம் உள்ள ஆளு வேணுமாம். போறியா?"

"பைத்தியமா?"

"பைத்தியம்னா என்ன, சோறு போடுவாருல்ல."

மறுநாள் மகாலுக்குப் பின்னால் சௌராஷ்டிரத் தெருவில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். முன்பக்கம் தறி, பின்பக்கம் சாயப்பட்டறை. அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும், என்னைவிட எட்டு வயது சின்னவர். விரல் நகங்களில் நீலச் சாயம் ஏறியவர்களின் வீட்டில் பிறந்து, மெட்ராஸ் காலேஜில் பாறைகளைப் பற்றிப் படித்தவர்.

"நீங்க கல்லு உடைச்சவுகளாமே?"

"ஆமா தம்பி. எம்புட்டு உடைக்கணும்?"

"உடைக்க வேண்டாம்ணே. ஒரு பலகையை ஆடாமப் பிடிக்கணும்."

"அதுக்கு எதுக்குக் கல்லு உடைச்சவன்?"

"நாலு மாசம் வெயில்ல நிக்கணும்ல."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அன்றே சேர்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஊருக்கு மேற்கே நீளமாகப் படுத்துக் கிடக்கிற நாகமலை எப்படி உருவானது, அதன் பாறை அடுக்குகள் எந்தப் பக்கமிருந்து நெருக்கப்பட்டு மடிந்தன என்று அவர் கண்டுபிடித்து எழுத வேண்டும். தை மாதம் அவருடைய புரொபசர் மெட்ராஸிலிருந்து நேரில் வந்து பார்ப்பார். எழுதியது தேறினால் ஜூனில் காலேஜில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்கும். தேறாவிட்டால் சாயத்தொட்டி. அவருடைய அப்பா என் முன்னாலேயே அதைச் சொன்னார். "தை வரைக்கும் கல்லைப் பாரு. அதுக்கப்புறம் தொட்டிக்கு ஆள் வேணும். எனக்கு முதுகு நிமிரலை." கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு முதுகு நிமிரவில்லை.

புரட்டாசியில் தொடங்கினோம். அந்த வருஷம் மழை பொய்த்திருந்ததால் வேலை தடைப்படவில்லை. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் விடியும்போது மலையடியில் இருப்போம். அவர் சைக்கிளில் வருவார், நான் நடந்து வந்துவிடுவேன். அவர் பார்க்கிற முறையை இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் குறையவில்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைப் பாறைமேல் தெளிப்பார். நனைந்ததும் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் எழும்பி வரும். வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு, மூக்கு உரச அந்த வரிகளோடு போவார். பிறகு அந்த அடுக்கின் முகத்தில் நான் பலகையை ஒட்டிப் பிடிக்க வேண்டும். பலகை ஓரத்தில் காம்பஸை வைத்து அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பார். பித்தளைக் குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு இருபது அடி தள்ளிப் போவார். மறுபடியும் பலகை.

ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. காம்பஸை எடுப்பதற்கு முன் சுத்தியலைப் பத்து எட்டு நடந்து போய்த் தள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் அந்தப் பக்கம் திரும்பிவிடுமாம். நான் பத்து எட்டு அல்ல, பதினைந்து எட்டு தள்ளி வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு பாறையில், துவைத்த வேட்டியை மடித்து வைத்ததுபோல வரிகள் திரும்பித் திரும்பி வந்ததை ஒரு நாள் காட்டினார். விரலால் தொட்டுக்கொண்டே போனேன். எங்கும் விரிசல் இல்லை.

"தம்பி, இது வளையும்போது களிமண்ணா இருந்துச்சா?"

"கல்லுதாண்ணே. ஆனா ரொம்ப ஆழத்துல, பயங்கரச் சூட்டுல கிடந்துச்சு. நெருக்கினது எதுவோ, அது அவசரப்படலை."

"எம்புட்டு நாளு?"

"நாள்கணக்கா கேக்குறீக?" என்று சிரித்தார். "நீங்களும் நானும் கணக்குப் போட முடியாது."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பட்டறையின் மூலையில் இன்னொரு வேலை நடக்கும். அங்கே அவர் ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். மூன்று பக்கம் அசையாத சுவர். நாலாவது பக்கச் சுவரைப் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் பழசாக வாங்கிய திருகாணியை வைத்து மெல்ல மெல்ல உள்ளே தள்ளலாம். கண்மாய் வண்டலைச் சலித்துக் குழைத்து, அப்பாவின் சாயப்பொடியைக் கலந்து, நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று என்று தோசைபோல அடுக்கடுக்காகப் பரப்புவார். பிறகு திருகாணியை ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுவார். வண்டல் காய்ந்துவிட்டால் வெடிக்கும். இளகிவிட்டால் பிதுங்கும். பக்குவமாக இருந்தால் மெத்தென்று மேலெழும்பி மடியும். வெடித்ததையும் அவர் வீணாகிவிட்டது என்று தூக்கிப் போட்டதில்லை. மேலாக இருக்கிற பாறை இப்படித்தான் வெடிக்கும் என்று அதையும் வரைந்துகொள்வார்.

உள்ளே மடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க முதலில் கத்தியால் வெட்டினார். நிறங்கள் இழுபட்டுக் குழம்பிப் போயின. நான் தூத்துக்குடியில் சவுக்காரக் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தவன். மெல்லிய கம்பியின் இரண்டு முனையிலும் குச்சி கட்டி, சோப்புக் கட்டியை அறுப்பதுபோல அறுத்துக் கொடுத்தேன். உள்ளே நீலமும் மஞ்சளும் சிவப்பும் துல்லியமாக வளைந்திருந்தன. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு முன்னால் படித்தவர் யாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில்லை.

மடிப்பை வரைந்த காகிதத்தில் தறியிலிருந்து எடுத்த பட்டு நூலை வளைவோடு வளைவாக ஒட்டிவைப்பார். பிறகு நூலின் இரண்டு முனையையும் பிடித்து நேராக இழுப்பார். காகிதத்தைத் தாண்டி நூல் நீண்டு நிற்கும். "இந்த இடம் முன்னாடி இம்புட்டு நீளம்ணே. நெருக்கி நெருக்கி இம்புட்டுக்குள்ள வந்துருச்சு." நான் காலில் கொப்புளம் வர நடந்து கடந்த பூமி, ஒரு காலத்தில் இன்னும் அகலமாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

கார்த்திகை முடியும்போது, அவர் அளவுகளைக் குறித்து வரைந்துவந்த மலைப் படத்தில் ஓர் அதிசயம் தெரிய ஆரம்பித்தது. நாகமலையின் அடுக்குகள் மொத்தமாக ஒரே திசையில்தான் ஓடுகின்றன. ஆனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை, ஒரு துண்டு மட்டும் சற்றே திரும்பி, மறுபடி பழைய திசைக்கு வந்துவிடுகிறது. மறுபடியும் அதே தூரம் போனதும் அதேபோல ஒரு திரும்பல். படத்தைச் சாய்த்துப் பார்த்தால் பாம்பு நெளிவதுபோல அலையலையாக இருந்தது. கிழக்கிலிருந்து மேற்கே ஒன்பது அலைகள்.

அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான். இந்த மலை இரண்டு தடவை மடிக்கப்பட்டிருக்கிறது, முதலில் ஒரு பக்கமிருந்து, பிறகு வேறொரு காலத்தில் வேறொரு பக்கமிருந்து, இதை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார். புரொபசருக்குக் கடிதம் எழுதினார். பதில் உடனே வந்தது. அலைகளைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன், தை பிறந்ததும் வருகிறேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைத் தம்பியின் அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

பெட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் நெருக்கி மடித்துவிட்டு, சுவரை மாற்றிப் போட்டு இன்னொரு பக்கமிருந்து நெருக்கினார். மடிப்புமேல் மடிப்பு விழுந்தது. ஆனால் ஓர் இடத்தில் கூட்டமாக விழும், ஓர் இடத்தில் ஒன்றுமே இருக்காது, ஓரத்தில் நசுங்கும். நாகமலையில் இருந்ததுபோல அளந்து வைத்த இடைவெளியில் அலைகள் வரவே இல்லை. வண்டலை மாற்றினார். கஞ்சி கலந்தார், விளக்கெண்ணெய் கலந்தார். ஏழெட்டுத் தடவை நானே கம்பி பிடித்து அறுத்தேன்.

"பெட்டி சின்னதுல்ல தம்பி, அதான்" என்று தேற்றினேன்.

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். அவர் முகம் தெளியவில்லை.

மார்கழி நடுவில் ஒரு நாள் காலை, மலைக்குக் கிளம்பாமல் நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை என்ன பண்றீக?"

"விரதம் தம்பி. அம்மாவுக்குத் தெரியுமே."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை. எனக்கும் சேர்த்து அம்மா தினமும் தயிர்ச்சோறு கட்டிக் கொடுப்பார். பாய் வீட்டிலோ வெள்ளிதோறும் தர்காவுக்கு வருகிற உறவுக்காரர்களுக்காக விடிவதற்கு வெகுமுன்னாலேயே ஆட்டுக்கறி ஆணம் கொதிக்கும், குழம்பை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் ஒரு பித்தளைத் தூக்கு நிறையச் சோறும் ஆணமும் கிடைக்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு அதை வேண்டாம் என்று சொல்லாது. அதனால் வெள்ளிக்கிழமை எனக்கு அம்மன் விரதம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மாவும் அன்றிலிருந்து என்னை விரதக்காரரே என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். மத்தியானம் சாமி கும்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் பாறை மறைவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

"பொய் சொல்லாதீகண்ணே. கோபப்பட மாட்டேன். இங்க பாருங்க, ஒன்பது அலை. ஒன்பதும் வெள்ளிக்கிழமை அளந்தது. வியாழக்கிழமை நேரா இருக்கிற மலை வெள்ளிக்கிழமை திரும்புது. சனிக்கிழமை மறுபடி நேராயிருது. மலைக்குக் கிழமை தெரியுமா?"

சொல்லிவிட்டேன். தூக்கு, ஆணம், பாறை மறைவு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தூக்கு பித்தளைதான?"

"பித்தளைதான் தம்பி."

"அப்ப அது இல்ல. வேற என்ன கொண்டு வாரீக?"

"வேற ஒண்ணும் இல்லையே."

"நல்லா யோசிங்க. மடியில? இடுப்புல?"

அப்போதுதான் என் கை தானாக வலது இடுப்புக்குப் போனது. எங்கள் பக்கத்தில் கறிச்சோறு எடுத்துக்கொண்டு பொட்டல் வழியாக நடக்கிறவன் ஓர் இரும்புத் துண்டை உடன் வைத்திருப்பான். வாடை பிடித்துக்கொண்டு பேய் பின்னால் வரும். இரும்பைக் கண்டால் நெருங்காது. தின்று முடித்த பிறகும் வாடை உடம்பில் இருக்கும் என்பதால் வீடு திரும்பும்வரை அது மடியிலேயே இருக்க வேண்டும். நான் வைத்திருந்தது ரயில் கட்டையில் அடிக்கிற ஆணி. பழைய வேலையின் மிச்சம், என் கட்டைவிரலைவிடத் தடிமன். பலகையைப் பாறையில் ஒட்டிப் பிடித்துக் குந்தும்போது, என் வலது இடுப்புக்கும் காம்பஸுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது.

சுத்தியல் இரும்பு என்பது எனக்குத் தெரியும். பதினைந்து எட்டு தள்ளித்தான் வைத்தேன். ஆணியை நான் இரும்பாக நினைக்கவே இல்லை. அது காவல். அதைப்பற்றி வாயால் பேசுவதும் வழக்கமில்லை.

கொட்டடிக்குப் போய் ஆணியை எடுத்து வந்தேன். தரையில் காம்பஸை வைத்து, என் இடுப்பு இருக்கிற தூரத்தில் அதைப் பிடிக்கச் சொன்னார். முள் நகர்ந்தது. எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தார், படத்தைப் பார்த்தார். அதே அளவு.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எந்த இடத்தில் சிரிப்பு முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆட்டுக்கறிண்ணே" என்றார். "பூமியை ரெண்டாந்தடவை மடிச்சது ஆட்டுக்கறி."

"நான் போயிறேன் தம்பி. வேற ஆளைப் பாத்துக்கங்க."

"போயிட்டா பலகையை யாரு பிடிக்கிறது? ஒன்பது வெள்ளிக்கிழமையையும் திரும்ப அளக்கணும்."

அவர் நினைத்திருந்தால் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு இருந்திருக்கலாம். புரொபசர் அலைகளைப் பார்க்கத்தான் வருகிறார். அலை இருந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் தொட்டி. காரணம் தெரிந்த ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான், நான் வாயைத் திறக்கப் போவதில்லை. இதை நான் மறைமுகமாகச் சொல்லியும் பார்த்தேன்.

"அவரு ஒரு நாள்தான் இருப்பாரு. நல்ல இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போகலாம்ல?"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "அப்புறம் எனக்குப் பின்னாடி ஒருத்தன் வந்து அளப்பான்ல?"

மிச்சமிருந்த நாட்களில் நாங்கள் அளந்ததுபோல வேறு யாரும் எந்த மலையையும் அளந்திருக்க மாட்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று தடவை. பலகை பிடிக்குமுன் என் மடியை நானே உதறிக் காட்டுவேன். அரைஞாண் கயிற்றில் இருந்த சின்ன இரும்புத் தாயத்தைக்கூட அவிழ்த்துப் பாயிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கறியையும் விட்டேன். அந்த மூன்று வெள்ளியும் உண்மையாகவே விரதம்தான். நடுவில் இரண்டு நாள் குளிர்காய்ச்சல் வந்தது. பாறை நிழலில் நடுங்கிவிட்டு எழுந்து பிடித்தேன். அலைகள் ஒவ்வொன்றாகப் படத்திலிருந்து போயின. ஒவ்வொன்று போகும்போதும் அவர் ரப்பரால் அழிப்பார், தூசியை ஊதுவார், அடுத்த இடத்துக்கு நடப்பார். கடைசியில் நாகமலை, மற்றவர்கள் சொல்லியிருந்ததுபோலவே, ஒரே ஒரு பெரிய மடிப்பின் ஒரு பக்கமாக நேராக நின்றது.

தை பிறந்து நாலாம் நாள் புரொபசர் வந்தார். வயதானவர், கையில் குடை, வெயிலுக்குத் தொப்பி. மலையடியில் பாயின் வண்டியை விட்டு இறங்கியதுமே கேட்டார்.

"எங்கேப்பா உன் அலை?"

"அலை இல்லை சார். நான் எழுதினது தப்பு."

குடையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றுவிட்டார். இவர் பழைய படம், புதுப் படம் இரண்டையும் பாறைமேல் விரித்து, பெட்டியில் தொடங்கி ஆணிவரை ஒன்றுவிடாமல் சொன்னார். என்மேல் பழி போடாமல், 'நான் கேட்காமல் விட்டது' என்றே சொன்னார். கேட்டு முடித்த புரொபசர் என் பக்கம் திரும்பினார்.

"நீர்தானா அந்த வெள்ளிக்கிழமைக்காரர்?"

"ஆமாங்க."

"இன்றைக்கு என்ன சாப்பாடு?"

"தயிர்ச்சோறுங்க."

"நல்லது. பலகையை எடும்."

நாள் முழுக்க எங்களை நடக்க வைத்தார். இவர் காட்டிய இடத்துக்கெல்லாம் போகாமல், தானே விரலை நீட்டிய இடங்களில், தன் சொந்தக் காம்பஸை வைத்துப் பார்த்தார். நோட்டை வாங்கி ஒத்துப் பார்ப்பார், உம் என்பார், நடப்பார். நான் என் வாழ்க்கையில் கப்பலில் கரி அள்ளியிருக்கிறேன், புயலில் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்று அந்தப் பலகையைப் பிடித்த அளவுக்கு எதையும் இறுக்கிப் பிடித்ததில்லை. இவரோ என்னைவிட அமைதியாக இருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவரின் அமைதி.

வெயில் சாயும்போது புரொபசர் ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி மணலைக் கொட்டினார்.

"இந்தப் படத்தில் புதுசா ஒண்ணும் இல்லை."

"ஆமா சார்."

"ஒரே மடிப்புன்னுதான் எனக்கு முன்னாடி வந்தவங்களும் சொன்னாங்க. அதையே நீயும் சொல்றே."

"ஆமா சார்."

"அவங்க குதிரைமேல உக்காந்துக்கிட்டுச் சொன்னாங்க." மறு பூட்ஸைக் கழற்றினார். "உன் கடிதம் வந்தப்போ நானும் அந்த அலையை நம்பிட்டேன். சந்தேகப்படணும்னு எனக்குத் தோணலை. உன் வண்டல் பெட்டி முடியாதுன்னு சொன்னப்போ நீ சந்தேகப்பட்டே. அந்தப் பெட்டி எங்கே இருக்கு?"

"அப்பா பட்டறையில சார்."

"ஜூன்ல வரும்போது அதை மெட்ராஸுக்குக் கொண்டு வா. ரயிலில் உடையாமக் கொண்டு வா."

இவருக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பலகையைக் கீழே போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவருடைய அப்பா தொட்டியிலிருந்து சிவப்புச் சாயம் சொட்டச் சொட்ட நூல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் போய்த் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்பா கையிலிருந்த கட்டைக் கீழே வைக்கவும் இல்லை, முகத்தில் எதையும் காட்டவும் இல்லை. ஒரே வரியில் ஏதோ சொன்னார்.

"என்ன தம்பி சொல்றாக?" என்று கேட்டேன்.

"ஜூன் வரைக்கும் இங்கதான இருக்கே, வந்து பிடிங்கிறாரு."

இவர் சட்டையைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, ஈர நூலின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். அப்பாவால் முடிந்த அளவுக்குத்தான் இவரும் முறுக்கினார்.